நாச்சியார்கோயிலில் வார்த்த தாளம்

திருவெம்பாவை நாள்களில் யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் கண்விழிப்பது சேவல் கூவுவதைக் கேட்டன்று. சங்கையும் சேமக்கலத்தையும் கேட்டே. அவ்வாறு விழித்தெழுந்த ஒரு மார்கழி விடியலில், கோயில் மண்டபத்தில் பாடல் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நமது கையிலிருந்த தாளத்தில் ஒன்று நழுவிச் சீமெந்துத் தரையில் வீழ்ந்தது. பேரோசை ஒன்றும் எழவில்லை. எடுத்து மற்றதனோடு தட்டினோம். கணீரென்று எழுந்து நெடுநேரம் நின்று தேயும் அந்த ஓசை, ஓட்டுச் சில்லைத் தட்டியதுபோல ‘டக்’கென்று அறுந்துவிட்டது. விளக்கருகே பிடித்துப் பார்த்தபோது, விளிம்பிலிருந்து நடுக்குழிவை நோக்கி மயிரிழை போன்றதொரு வெடிப்பு ஓடியிருந்தது.

அத்தாளம் நம்முடையதன்று. சிறுவயதில் நமக்குப் பண்ணோடு தேவாரம் பாடக் கற்பித்த ஆசிரியருடையது. அவர் சிவபதம் அடைந்த முப்பத்தோராம் நாள் கழிந்தபின், அவருடைய துணைவியார் அதனை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, “இது உம்மட்டை இருக்கட்டும், தம்பி” என்று நமது கையில் தந்தார். அவ்வம்மையார் ஆண்டுதோறும் திருவெம்பாவைக்கு வந்து மண்டபத்துத் தூணோரம் அமர்ந்திருப்பார். அன்றும் அமர்ந்திருந்தார். கூட்டத்திலிருந்த வேறொருவருடைய தாளத்தை இரவல் வாங்கி அன்றைய பாடலை ஒப்பேற்றினோம். அம்மையாரிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் வந்த நாள்களிலும் சொல்லவில்லை.

நம்மூரில் பித்தளைப் பாத்திரம் திருத்துவோர் சிலரிடம் காட்டினோம். ஒருவர் ஈயப்பற்று வைத்துத் தருவதாகச் சொன்னார். மற்றொருவர், இரும்புக் கதவு ஒட்டும் பட்டறைக்காரர், “ஒரு நொடி வேலை” என்று கையை நீட்டினார். அந்த நொடியை எண்ணி அஞ்சித் துணியை மறுபடியும் முடிந்துகொண்டோம். முன்னொருநாள் ஒரு தவிற்காரர், தம்முடன் வாசிக்கும் தாளம் கும்பகோணத்துப் பக்கம் வார்த்தது என்று பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. சித்திரை விடுமுறை அண்மையில் இருந்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடத்தொடங்கிய பயணிகள் கப்பலில் ஓரிடம் பதிந்துகொண்டோம்.

கடற்பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரம். நம் பாட்டன்மார் பாய்க்கப்பலில் ஏறி, சோழநாட்டுக் கோயில் திருவிழாக்களைக் கண்டு, மேளகாரரையும் கூட்டிக்கொண்டு திரும்பிய அதே கடல்தான். நமக்கு அருகே அமர்ந்திருந்த குடும்பத்தினர் பட்டுப்புடைவை வாங்கப் போகின்றனர். நமது மடியில் இருந்த சிறிய முடிச்சில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டபோது, உடைந்த தாளம் என்று சொல்ல நாணி, “பூசைச் சாமான்” என்று சொல்லிவைத்தோம்.

நாகபட்டினத்திலிருந்து கும்பகோணம் செல்லும் வழி திருவாரூர் ஊடாகச் செல்வது. திருவாரூரில் இறங்காமற் போவது பாவம். பெரிய கோயிலிலே பஞ்சமுக வாத்தியம் என்று ஒன்று உண்டு. பழந்தமிழர் குடமுழா என்றது அதனைத்தான். பெரிய உலோகக் குடம் ஒன்று. அதற்கு ஐந்து வாய்கள். ஒவ்வொன்றும் தோல் போர்த்தியது. குடத்தைப் பார்த்ததும் நமக்கு வாத்தியத்தைவிட அதனை வார்த்தவனைப் பற்றிய எண்ணமே மேலெழுந்தது. இத்தனை பெரிய வயிற்றையும் ஐந்து கழுத்தையும் ஒன்றாக அமைத்தவன் எந்தத் தெருவில் இருந்தானோ? இசை வளர்ந்த கதையை எழுதுவோர் பாடியவர் பெயரை எழுதுகின்றனர். வாசித்தவர் பெயரை எழுதுகின்றனர். உலையூதியவனுக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை.

திருவாரூரிலிருந்து குடவாசல் வழியாகப் பேருந்து செல்கிறது. வயல்கள், அரசலாற்றுப் பாசனக் கால்வாய்கள், மறுபடியும் வயல்கள். கும்பகோணத்துக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் இருக்கும்போதே நாச்சியார்கோயில் வந்துவிடுகிறது. இறங்கியவுடன் ஊர் தன் தொழிலைத் தானே சொல்லுகிறது. கடைதோறும் குத்துவிளக்குகள், சாண் உயரத்திலிருந்து ஆள் உயரம் வரை, உச்சியில் அன்னம் அமர்ந்திருக்க, வரிசை வரிசையாக நிற்கின்றன. பாவை விளக்கு, தூங்காவிளக்கு, மணி, தூபக்கால் முதலியனவும் உண்டு.

இவ்வூரின் திருமால் கோயிலில் கல்லாலான கருடன் ஒருவர் இருக்கின்றார். மார்கழியிலும் பங்குனியிலும் அவர் புறப்படும்போது, சந்நிதியில் நால்வர் தூக்குவார்களாம். அடுத்த வாயிலில் எண்மர், அப்பால் பதினாறு பேர், முப்பத்திருவர், அறுபத்து நால்வர் என்று தூக்குவோர் தொகை இரட்டித்துக்கொண்டே போகுமாம். திரும்பி வரும்போது அவ்வாறே குறையுமாம். இக்கதையை நமக்குச் சொன்ன தேநீர்க் கடைக்காரர், “எடையைப் பத்தி எங்க ஊருக்கு நல்லாத் தெரியும் சார்” என்றார். அன்றாடம் செம்பையும் பித்தளையையும் நிறுத்து வாழும் ஊரில் அச்சொல் பொருத்தமாகவே இருந்தது.

கன்னார் என்று நம் நாட்டில் சொல்லும் தொழிலாளரை இங்கே பத்தர் என்கின்றனர். கடைக்காரர் வழிகாட்டிய பத்தர் வீடு சந்தொன்றின் உட்புறம் இருந்தது. பட்டறை என்று தனியே ஒரு கட்டடமில்லை. திண்ணையில் விளக்குத் தண்டுகள் கரும்புக் கட்டைப்போல அடுக்கியிருந்தன. நடைகூடத்தில் கடைசல் பொறி. கொல்லையில் வேம்பின் நிழலில் உலை. அடுக்களைக்கும் உலைக்கும் நடுவே ஒரு கிணறு. கிணற்றடியில் இரு பெண்மணிகள் புளியிட்டு விளக்குத் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தனர். குழம்பு கொதிக்கும் மணமும் கரிப்புகையும் ஒருங்கே வந்தன. எழுபது வயதை அணுகிய பத்தர் நம்மைத் திண்ணையில் அமர்த்தி, முதலில் மோர் கொடுத்தார்; அப்புறமே வந்த காரியம் கேட்டார்.

முடிச்சை அவிழ்த்தோம். நல்ல தாளத்தை அவர் தொடவில்லை. வெடித்ததைக் கயிற்றோடு தொங்கவிட்டு, விரல் மொழியால் ஒருமுறை தட்டினார். காதருகே கொண்டுபோகவும் இல்லை. “போயிடுச்சுங்க” என்றார், மருத்துவர் சொல்வதுபோல.

“ஒட்ட முடியாதா, பத்தரே?”

“ஒட்டலாங்க. பாக்கறதுக்கு முழுசா இருக்கும். வாய் பேசாது.”

காரணத்தையும் சொன்னார். அதனை நமது மொழியில் தருவோம். பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. வளையும், நெளியும், விளக்குக்கு உகந்தது. ஓசைக்கு அவ்வளவு உகந்ததன்று. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. மணிக்கும் தாளத்துக்கும் உரிய வெண்கலத்தில் நான்கு பங்கு செம்புக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வெள்ளீயம் சேரும். செம்பு மெதுவானது, வெள்ளீயமோ அதனினும் மெதுவானது. இரண்டும் கூடியவுடன் இரண்டிலும் இல்லாத கடுமை பிறக்கிறது. அக்கடுமையே ஓசைக்குக் காரணம். அதுவே நொறுங்குவதற்கும் காரணம். பாத்திரம் வீழ்ந்தால் நெளியும். தாளம் வீழ்ந்தால் வெடிக்கும். வெடித்த பின், வாயின் இரு கரைகளும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. ஈயப்பற்று வைத்தாலோ அந்த மெத்தென்ற ஈயம் அதனினும் அதிகமாகத் தின்னும். உயர்ந்த வெப்பத்தில் ஒட்டப் போனால் வெடிப்பு இன்னும் நீளும்.

“அப்படியானால் வழி?”

“உருக்கி வார்க்கணும். வேற வழியில்லை.”

நாம் சிறிது நேரம் பேசவில்லை. பத்தர் இரண்டு வழிகளை முன்வைத்தார். இரண்டையும் ஒருங்கே உருக்கிப் புதிய சோடியாக வார்ப்பது ஒன்று. அது இலகு, இரண்டும் ஒத்துப் பேசும். உடைந்ததை மட்டும் உருக்கி, நல்லதன் ஓசைக்கு இசைய வார்ப்பது மற்றொன்று. அது கடினம், இசையும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆசிரியரின் கைபட்ட உலோகம் இரண்டிலும் இருக்கவே போகிறது. ஆயினும் அவர் கேட்ட ஓசை ஒன்றேனும் எஞ்சவேண்டும் என்று நமது மனம் பிடிவாதம் செய்தது. இரண்டாவது வழியைச் சொன்னோம். பத்தர் மறுக்கவில்லை. “நாளு ஆகும், இருப்பீங்களா?” என்று மட்டும் கேட்டார். கும்பகோணத்தில் அறை எடுத்துக்கொண்டோம்.

மறுநாட் காலை உலை மூட்டுமுன்னரே போய்விட்டோம். அங்கே நாம் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தது உலையையன்று, சுவரில் தொங்கிய கருவிகளையே. பத்தர்கள் அவற்றை ஆயுதம் என்றுதான் சொல்வர். நவராத்திரி முடிவில் பூசை பெறுவன அவையே. உளிகள் இருபதுக்கு மேல். எவையும் கடையில் வாங்கியனவல்ல. தேய்ந்துபோன அரங்களைக் காய்ச்சித் தட்டி உளியாக்கியிருக்கிறார். குழிவைச் சுரண்டும் கருவி ஒரு முக்கோண அரத்திலிருந்து பிறந்தது. அதன் முனை அவருடைய தந்தையார் தீட்டிய வளைவிலேயே இன்றும் இருக்கிறது. உலைக்குறடு அவரே அடித்தது. பிடி இரண்டும் ஒரே நீளமில்லை, ஏனெனில் அவருடைய இடக்கை இளமையில் சுட்டு விரல்கள் முழுதும் மடங்கா. “கடையில விக்கிற சுரண்டி நம்ம கைக்கு வராதுங்க” என்றார். ஒரு பொருளைச் செய்பவன் முதலிற் செய்வது அப்பொருளைச் செய்யும் கருவியை என்பதைப் புத்தகத்திற் படித்திருக்கிறோம். படிப்பது வேறு, அந்த மடங்காத விரல்களுக்கு ஏற்ற குறட்டைக் காண்பது வேறு.

புதுமையை அவர் வெறுப்பவருமல்லர். பழைய தோற்றுருத்தி கொல்லை மூலையில் தூசு படிந்து கிடக்க, உலையை ஊதுவது மின்சார ஊதி. முன்னர் ஒருவன் கயிறிழுக்க மற்றவன் கடைந்த கடைசற் பொறியை இப்பொழுது ஒரு சிறு மோட்டார் சுழற்றுகிறது. “கயிறு இழுக்கற பையன் இப்ப யாரு வர்றா?” என்றார். அவருடைய மகன் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். வீட்டில் இருப்பவர்கள் மனைவியும், மருமகளும், கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போகும் பேத்தியும். விளக்குக்கு உலகெங்கும் பெயர் உண்டு. புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அப்பெயரை ஒட்டிக்கொண்டு வேறிடங்களில் இயந்திரத்தில் அடித்த இலேசான விளக்குகளும் அதே கடைவீதியில் விற்பனையாகின்றன. வாங்குபவர் தூக்கிப் பார்த்து, இலேசாக இருப்பதே நல்லதென்று வாங்குகின்றனராம்.

வார்ப்புக்கு வருவோம். நல்ல தாளமே அச்சு. ஆனால் வெண்கலம் ஆறும்போது சுருங்கும். அச்சு எவ்வளவோ, வார்ப்பு அதனினும் சிறிதாகவே வரும். ஆகவே பத்தர் நல்ல தாளத்தின்மேல் மெழுகை மெல்லிய தோல்போலப் பூசினார். எவ்வளவு தடிப்பு என்று அளக்கவில்லை. கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். மெழுகிட்ட தாளத்தைப் பெட்டியில் வைத்து, சலித்த காவிரி வண்டலைக் கொட்டி இறுக்கினார். சாம்பற்பொடி தூவி மேற்பெட்டியை வைத்து மறுபடியும் மண் இறுக்கினார். பிரித்தபோது, மண்ணில் தாளத்தின் இரு முகங்களும் இரண்டு நிலவுபோலப் பதிந்திருந்தன. அச்சை எடுத்து, உலோகம் புகுவதற்கு ஒரு வாயும் காற்றுப் போவதற்கு ஒரு வாயும் வெட்டிப் பெட்டிகளை ஒன்றாகக் கட்டினார்.

பின்னர் உடைந்த தாளத்தை ஒரு துணியில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. கண்ணாடிபோல நான்கு துண்டாயிற்று. முறிந்த வாய் சாம்பல் வெள்ளையாக இருந்தது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்.

செம்பு உருகுவது 1085 பாகை செல்சியசில்; வெள்ளீயமோ 232 பாகையிலேயே நீராகிவிடும். அதனால் செம்பு உருகிய பின்னரே ஈயத்தை இடுவது முறை. உருக்குந்தோறும் ஈயத்தில் ஒரு சிறு பங்கு கசடாய்க் கழிந்துவிடும் என்பதனால், குகையில் முதலில் சிறிது புதுச் செம்பு, அதன்மேல் பழைய துண்டுகள், இறுதியில் கொஞ்சம் ஈயம் என்று போட்டார். வெப்பமானி ஒன்றும் இல்லை. கசடை ஒதுக்கி, உள்ளே தெரியும் நிறத்தைப் பார்த்தார். ஒரு பச்சை மூங்கிற் குச்சியால் கிளறினார். வார்க்கும்போது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. கிணற்றடியில் துலக்கும் ஓசையும் நின்றது.

அந்த வார்ப்புத் தேறவில்லை. ஆறியபின் மண்ணை உதிர்த்தபோது விளிம்பில் மிளகு பருமனில் ஒரு காற்றுக்குமிழ். “மண்ணுல ஈரம் கொஞ்சம் நின்னுடுச்சு” என்று தம்மேலேயே குற்றம் ஏற்றுக்கொண்டார். நாளை மண்ணைக் காயவைத்து, நாளை மறுநாள் மீண்டும் வார்ப்பதாகச் சொன்னார். ஆசிரியரின் தாளம் இப்பொழுது தாளமுமில்லை, துண்டுமில்லை. ஓட்டைவிழுந்த ஒரு வில்லை. அன்றிரவு அறையில் நமக்குத் தூக்கம் வரவில்லை.

இடையில் கிடைத்த அந்த நாளில் சுவாமிமலைக்குச் சென்றோம். கும்பகோணத்துக்கு மேற்கே சில கிலோமீற்றர். செயற்கை மலையின் அறுபது படிகளும் அறுபது தமிழ் வருடங்கள் என்பர். முருகனைத் தொழுதபின் ஸ்தபதிகள் தெருவுக்குப் போனோம். அங்கே மண்பெட்டி இல்லை, மெழுகுதான் தாய். தேன்மெழுகோடு குங்கிலியப் பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அதனால் திருவுருவத்தை முழுதாக ஆக்குகின்றனர். அதன்மேல் காவிரி வண்டலை மென்மையாகப் பூசி நிழலில் உலர்த்துகின்றனர். பிறகு வயற்களிமண், பிறகு மணல் கலந்த தடித்த மண். அனலில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தை உலோகம் நிரப்பும். அச்சை உடைத்தாலன்றித் திருவுருவம் வெளிவராது. ஆதலால் ஓர் அச்சுக்கு ஒரு திருவுருவமே.

அளவுகோலைப் பார்த்தால் மாணாக்கர் வியப்பர். தென்னோலை நறுக்கு ஒன்று. வேண்டிய உயரத்துக்கு அதனை நறுக்கி, மடித்து மடித்துத் தாலமாகவும் அங்குலமாகவும் பிரித்துவிடுகின்றனர். சிவன் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம். உச்சிமுதல் அடிவரை 124 பங்கு. தேவியர்க்கு 120. ஓலை பெரிதானால் திருவுருவம் பெரிதாகும், பங்கு மாறாது. 2023 இல் புதுடில்லியில் ஜி-20 மாநாட்டு மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராசர், ஏறத்தாழ 18 தொன் எடையுடையவர், இவ்வூர் ஸ்தபதிகளின் கைவேலையே.

ஒரு பட்டறையில் காரைக்காலம்மையார் மெழுகுருவாக இருந்தார். எலும்பும் தோலுமான உடல், மடித்த கால்கள், கைகளில் தாளம். பொலனறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளில் எடுத்த செப்புத் திருமேனிகளுள்ளும் அம்மையார் உண்டு. பொலனறுவைத் திருமேனிகளைப் பற்றி 1914 இல் நூல் எழுதி உலகறியச் செய்தவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இவை நம் நாட்டிலேயே வார்க்கப்பெற்றனவா, சோழநாட்டிலிருந்து கப்பலேறி வந்தனவா என்று அறிஞர் வேறுபடப் பேசுவர். அப்பேச்சில் நாம் புகவில்லை. மெழுகு அம்மையாரின் கையிலிருந்த தாளங்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்தபதி அவற்றைத் தனியே செய்து, சூடேற்றிய சிறு கரண்டியால் விரல்களோடு ஒட்டிக்கொண்டிருந்தார். நாளை அனலில் ஓடிவிடப்போகும் மெழுகுத் தாளத்துக்கு விளிம்பில் ஒரு கோடும் கீறினார்.

மூன்றாம் நாள் மறுபடியும் நாச்சியார்கோயில். இம்முறை வார்ப்பு முழுதாக வந்தது. ஆறுவதற்குள் நாம் அவசரப்பட்டு, நீரில் இட்டால் என்ன என்று கேட்டுவிட்டோம். பத்தர் சிரித்தார். இரும்பை* என்று நாம் பள்ளியிற் கற்றது ஒன்று: சிவக்கக் காய்ச்சிய உருக்கை நீரில் தோய்த்தால் கடினமாகும். வெள்ளீயம் மிகுந்த இவ்வெண்கலமோ அதற்கு நேர்மாறு; நீரில் தோய்த்தால் மெதுவாகிவிடும். பெரிய சேகண்டிகளைத் தட்டி எடுப்போர் அம்முறையைக் கையாளுவர். தாளமோ மண்ணுக்குள்ளேயே தானாக ஆறவேண்டும்.

கடைசலில் ஏற்றி மேற்கருமையை நீக்கியதும் பொன்னிறம் வந்தது. ஓசை வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஒலித்தது, ஆனால் நல்லதற்கு மேலே எங்கோ நின்று ஒலித்தது. அதன்பின் நடந்தது இரண்டு மணிநேரம். பத்தர் முக்கோணச் சுரண்டியால் உட்குழிவில் இரண்டு இழைப்பு இழைப்பார், கயிறு கோத்துத் தட்டுவார், கேட்பார், மறுபடியும் இழைப்பார். உட்புறம் மெலிந்தால் ஓசை தாழும்; விளிம்பைக் குறைத்தால் ஏறும். தாழ்த்தியதை ஏற்ற இடமுண்டு, ஆனால் தாளம் சிறுத்துப்போம். ஆகவே சிறிது சிறிதாகவே தாழ்த்தவேண்டும்.

பேத்தி கல்லூரியிலிருந்து வந்தவள் கைத்தொலைபேசியை அருகே பிடித்தாள். சுருதி காட்டும் முள் ஒன்று அதில் ஆடியது. “தாத்தா, இன்னும் கொஞ்சம் எறக்கினா ரெண்டும் ஒண்ணாயிடும்.”

பத்தர் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “போதும்மா. ஒண்ணாக்கக் கூடாது. ஒண்ணாக்கிட்டா ஒருத்தரே பேசற மாதிரி இருக்கும். ரெண்டு பேருல்ல?”

இரண்டையும் நம்மிடம் தந்து தட்டச் சொன்னார். தட்டினோம். அருகருகான இரு ஓசைகள் ஒன்றோடொன்று மோதி, அலை அலையாகப் பெருகியும் தணிந்தும் நெடுநேரம் சென்றன. பௌதிகம் கற்பிப்போர் இதனை அடிப்பு என்பர். நட்டுவனார் தாளத்தில் ஒன்று வெண்கலமும் ஒன்று இரும்புமாக இருப்பதும் இரு குரல் வேண்டியே என்று பத்தர் சொன்னார். பேத்தி தொலைபேசியை அணைக்கவில்லை. முள் நின்ற இடத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கென்று கேட்டோம். “தாத்தா எங்க நிறுத்தறார்னு எழுதி வைக்கறேன் சார். அவருக்கே சொல்லத் தெரியாது.” அவ்வேட்டில் முன்னரும் சில பக்கங்கள் எழுதியிருந்தன.

விடைபெறுமுன் பத்தர் திருக்கோலக்காவுக்குப் போயிருக்கிறோமா என்று கேட்டார். சீர்காழிக்கு அருகிலுள்ள தலம். பிள்ளையாகிய சம்பந்தர் கைத்தாளமிட்டுப் பாட, பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அளித்த இடம். கதையை நாம் அறிவோம். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். பொற்றாளம் ஒலிக்கவில்லை, அம்பிகையே ஓசை கொடுத்தாள், அதனால் அவள் பெயர் ஓசை கொடுத்த நாயகி. “ஏன் ஒலிக்கலை தெரியுங்களா?” என்றார் பத்தர். “தங்கம் மெத்துங்க. தங்கத்துல தாளம் அடிச்சா தொப்புனு தான் இருக்கும். சாமி குடுத்ததுன்னாலும் அப்படித்தான். கதை கட்டினவன் உலைப்பக்கம் இருந்தவனா இருக்கணும்.” இத்தனை ஆண்டுகள் அக்கதையைச் சொல்லியும், பொன் ஏன் ஒலிக்கவில்லை என்று எந்த மாணாக்கனும் நம்மைக் கேட்டதில்லை, நாமும் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

கூலியாக அவர் கேட்டது நமக்குக் குறைவாகவே பட்டது. முதல் வார்ப்புக்குச் செலவான கரியைக் கணக்கில் சேர்க்க அவர் உடன்படவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை அம்மையாரின் வீட்டுக்குப் போனோம். சொல்லவேண்டியதை வழியெல்லாம் கோவைப்படுத்திக்கொண்டு போயிருந்தோம். அவர் முற்றத்தில் பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். நாம் வாய் திறக்குமுன் முடிச்சைக் கண்டு, “அடியும் பாப்பம்” என்றார். அடித்தோம். அவர் ஓலையைக் கீழே வைத்தார். ஓசை முழுதும் தேயும்வரை பேசவில்லை.

“ஒண்டு அவற்றை. மற்றது ஆர் வார்த்தது, தம்பி?”

நடந்ததைச் சொன்னோம். வீழ்ந்த நாளையும், சொல்லாமல் மறைத்ததையும் சொன்னோம்.

“அண்டைக்கே கேட்டனான்” என்றார் அம்மையார். பின்பு, இன்னொருமுறை அடிக்கச் சொன்னார்.